ஞாயிற்றுக்கிழமைக் கடல்

தெருவில் அவளைச் சி.ஐ.டி. அக்கா என்பார்கள். முகத்துக்கு நேரே ‘அக்கா’ மட்டும், முதுகுக்குப் பின்னால் முழுப் பட்டமும். அவளுக்கும் அது தெரியும். யார் எங்கே எதை முணுமுணுத்தாலும் மூக்கில் வியர்த்துவிடுகிறவளுக்குத் தன் பட்டம் மட்டும் தெரியாமல் இருக்குமா? அதில் அவளுக்கு வருத்தமும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு எல்லாரையும் நம்பினவர்கள் அப்படி என்ன வாழ்ந்து கிழித்துவிட்டார்கள் என்பது அவள் கட்சி.

பிறவிக் குணம் என்று அவளுடைய கொழுந்தன் சொல்வான். அதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. அடுத்த வீட்டில் இருக்கிறவன், அவளிடம் அடிக்கடி மாட்டிக்கொள்கிறவன், வேறு எப்படிச் சொல்வான்? உண்மையில் இந்தக் கண்ணை அவளுக்குக் கொடுத்தது அழுக்குத் துணி. கடற்கரையின் மறுகோடியில் இருக்கிற பெரிய ஹோட்டலின் சலவைக்கூடத்தில் இடுப்பு விட்டுப்போகும்வரை வேலை பார்த்தவள் அவள். ஜன்னல் இல்லாத அறை. ஒரு பக்கம் மாடிகளிலிருந்து மூட்டை மூட்டையாய் விரிப்புகள் வந்து விழும். மறுபக்கம் நீராவி சீறும். நடுவில் நின்று அவள் அழுக்கைத் தரம் பிரிக்க வேண்டும். எண்ணெய்க் கறை தனி, மைக் கறை தனி, ரத்தம் தனி. பிரிக்கப் பிரிக்க அவளுக்கு மனிதர்கள் புரிய ஆரம்பித்தார்கள். உடம்புக்கு முடியவில்லை என்று அறையை விட்டு வெளியே வராத ஆளின் விரிப்பில் கடல் மண் எப்படி வந்தது? தனியாகத் தங்கியிருக்கிறவரின் தலையணை இரண்டிலும் எப்படித் தலைச்சாயம்? துண்டு காணவில்லை, எரிந்த துணி யாருடையது என்றெல்லாம் தகராறு வந்தால் மேலாளரே கீழே இறங்கி வந்து இவளைத்தான் கேட்பார். வாய் பொய் சொல்லும், துணி சொல்லாது என்று அவள் அப்போதே முடிவு கட்டிவிட்டாள்.

அந்த ஹோட்டல் நிற்கிற மண் அவளுடைய சொந்த அக்காவின் மண். இதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் அவள் செய்த காரியத்தை வெறும் கிறுக்குத்தனம் என்று நினைத்துவிடுவீர்கள். ஒரு காலத்தில் அங்கே சிரித்த முகத்தோடு சிலர் வந்தார்கள். பறவை பார்க்க வந்தோம் என்றார்கள். அக்கா போட்ட டீயைக் குடித்துவிட்டு ஆகா ஓகோ என்றார்கள். கேமரா வைத்திருந்தார்கள், கூடவே ஒரு டேப்பும் வைத்திருந்தார்கள். போகும்போது அங்கங்கே சின்னச் சின்னதாய் முளைகளை அடித்துவிட்டுப் போனார்கள். அடுத்த வருஷம் முளை இருந்த இடத்தில் வேலி வந்தது. வேலிக்குப் பின்னால் கட்டடம் வந்தது. பட்டா இல்லாத நிலம் என்று யாரோ ஒரு காகிதத்தை நீட்டினார்கள். அக்கா இப்போது மகள் வீட்டில், ஒரு கட்டிலும் கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டியுமாக ஒண்டிக்கொண்டிருக்கிறாள். தங்கச்சி வயிற்றுப்பாட்டுக்காக அதே ஹோட்டலில், அக்கா வீட்டுத் துணிக்கொடி இருந்த இடத்திலேயே நின்று, ஊர்பேர் தெரியாதவர்களின் விரிப்புகளைப் பிரித்தாள். அப்போது அவளுக்குள் எரிந்தது கடைசிவரை அணையவில்லை.

அவளுக்கென்று இருந்தது இந்த வீடு ஒன்றுதான். புருஷன் கப்பலில் பெயின்ட் அடித்துச் சம்பாதித்ததும் இவள் இடுப்பும் சேர்ந்து எழுந்த வீடு. கீழே இரண்டு அறை, வெளியிலிருந்து ஏறும் படிக்கட்டு, மேலே இரண்டு அறை, மொட்டை மாடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி. வாசல் கடலைப் பார்த்தது. மாடியின் கடைசி ஜன்னலைப் பொருத்திய வருஷமே புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். மகனும் கப்பலுக்கே போனான். போன் பண்ணும்போதெல்லாம் முதல் கேள்வி, “ஏம்மா, இந்த வாரம் யார் மேல சந்தேகம்?” என்பதுதான். அவள் கோபித்துக்கொள்வாள், அப்புறம் பதிலும் சொல்வாள்.

இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் அந்த மாணவர்கள் குடிவந்தார்கள்.

வேறு நாட்டிலிருந்து விமானம் ஏறி, அப்புறம் படகு ஏறி, ஒரு பேராசிரியரோடு கும்பலாக வந்து இறங்கியிருந்தார்கள். பெரும்பாலோருக்குப் பள்ளிக்கூட விடுதியில் இடம். மிச்சம் மூன்று பேர் இவள் மாடிக்கு வந்தார்கள். ஒரு அறையில் இரண்டு பையன்கள். ஒருவன் நெட்டை, இன்னொருவன் எங்கே போனாலும் ஒரு கிட்டாரைத் தூக்கிக்கொண்டு போகிறவன். இன்னொரு அறையில் ஒரு பெண். கண்ணாடி போட்டவள், மெதுவாகப் பேசுகிறவள், படி ஏறும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் ஏறுகிறவள். சத்தமில்லாமல் ஏறுகிறவர்களைப் பற்றி நம் சி.ஐ.டி. அக்காவுக்குத் தனி அபிப்பிராயம் இருந்தது.

வந்த மறுநாளே கரையில் வேலை ஆரம்பித்துவிட்டது. ஒவ்வொரு வீட்டுக்கும் எதிரே ஒரு இரும்புக் குழாய்த் துண்டை மண்ணில் அடித்து, தலையில் சிவப்புப் பெயின்ட் தடவினார்கள். குழாயிலிருந்து அலை வந்து நின்ற கோடுவரை டேப்பை இழுத்துப் பிடித்தார்கள். பெயின்டைப் பார்த்ததுமே அவளுக்கு அக்கா நிலத்தில் அடித்த முளைகள் ஞாபகம் வந்தன.

“என்னம்மா அளக்குறீங்க?” என்று அன்றைக்கே அந்தப் பெண்ணை மடக்கினாள்.

“கரைய அளக்குறோம் ஆன்ட்டி.”

“எதுக்கு?”

“கடல் எவ்வளவு உள்ள வருதுன்னு பாக்க. தினமும் அளந்தா தெரிஞ்சுடும்.”

“அதுக்கா அங்கேர்ந்து இவ்வளவு தூரம் வந்தீங்க?”

“ஆமா ஆன்ட்டி. எங்க ஊர்ல கடலே கிடையாது.”

சொல்லிவிட்டு அந்தப் பெண் சிரித்தது. சிரித்த முகம். அக்கா வீட்டு வாசலில் டீ குடித்தவர்களுக்கும் சிரித்த முகம்தான் இருந்தது. கடல் உள்ளே வருதாம். கடல் என்றால் வரும், போகும், அதுதானே அதன் வேலை? அதைப் பார்க்க எவனாவது விமானத்துக்குக் காசு கொடுப்பானா? காது குத்துவதற்கும் ஒரு அளவு வேண்டாமா என்று நினைத்துக்கொண்டே, “அப்படியாம்மா, ரொம்ப சந்தோஷம்” என்று வாயால் சொன்னாள்.

அதற்கப்புறம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க ஆரம்பித்தாள். மாடித் துணிகளைத் துவைத்துத் தருகிறேன் என்று தானாக முன்வந்தாள். அவர்கள் எவ்வளவு நல்ல ஆன்ட்டி என்று நெகிழ்ந்துபோனார்கள். இவள் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு துணியாகப் பிரித்துப் பார்த்தாள். வேலைக்குப் போட்டுக்கொண்டு போகிற கால்சட்டையில் முழங்கால் வரைதான் மண். குளிக்கிற உடையோ தினமும் நனைந்திருக்கிறது. சட்டையில் மண்ணெண்ணெய் வாசம், அது கொழுந்தனின் படகு. துண்டில் சுட்ட மீன் வாசம், கிட்டார்க்காரனின் பையில் சீட்டுக்கட்டு. படிக்க வந்தவர்கள் படிக்கவில்லை, வேலைக்கு வந்தவர்கள் வேலை செய்யவில்லை. காலையில் கொஞ்ச நேரம் டேப்பைப் பிடிக்கிறார்கள், மத்தியானம் மல்லாக்கப் படுத்து வானத்தைப் பார்க்கிறார்கள், சாயங்காலம் தண்ணீரில் கும்மாளம் அடிக்கிறார்கள். அப்படியானால் இவர்களுக்குச் சோறு போடுகிறவன் யார்? எதற்காகப் போடுகிறான்? இந்தக் கேள்விக்கு அவளிடம் பதில் இருந்தது. பதில் கடற்கரையின் மறுகோடியில் ஐந்து மாடியாக நின்றது.

போதாததற்கு முளை நின்ற இடம் வேறு. கொழுந்தன் வீட்டு எதிரே முளை தள்ளி, கடல் பக்கமாக நின்றது. இவள் வீட்டு எதிரே வேலியை ஒட்டி நின்றது. எல்லா வீட்டுக்கும் புல் முடிகிற இடத்தில்தான் அடித்தார்கள். இவள் வாசலில் ஆடும் கோழியும் மேய்ந்து தீர்த்ததில் புல் வேலியோடேயே முடிந்துபோயிருந்தது, அவ்வளவுதான் விஷயம். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். ஆனால் கேட்டால் உஷாராகிவிடுவார்கள் இல்லையா, அதனால் அவள் கேட்கவில்லை. தானே கணக்குப் போட்டாள். முளையிலிருந்து கடல்வரை ஹோட்டலுக்கு, முளையிலிருந்து தெருவரை நமக்கு. கொழுந்தன் பசங்களைப் படகில் ஏற்றிக்கொண்டு போய்ச் சுற்றிக்காட்டி, குழைந்து, தன் முளையைத் தள்ளி அடிக்க வைத்துவிட்டான். இளிச்சவாய்ச்சி நான், என் வேலிவரைக்கும் வந்துவிட்டார்கள். அடுத்து வாசற்படி.

ஞாயிற்றுக்கிழமை மாணவர்களுக்கு விடுமுறை. அன்றைக்கு டேப்பும் கிடையாது ஒன்றும் கிடையாது. கொழுந்தன் படகில் ஏறி எதிரே தெரியும் மணல்திட்டுக்குப் போய், பொழுது சாய்கிறவரை நீந்துவார்கள், மீன் சுடுவார்கள், பாடுவார்கள். நல்ல வெயில் நேரம். தெருவில் அவனவன் தூக்கத்தில் இருப்பான். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கூடையில் ஒரு கல்லையும் பழைய துணியையும் போட்டுக்கொண்டு, கோழிக்குத் தீனி வைக்கிற மாதிரி வாசலுக்குப் போனாள். முளையை ஆட்டினாள், பிடுங்கினாள். ஒரு சாண் கடல் பக்கமாகத் தள்ளி ஊன்றினாள். சத்தம் கேட்காமல் இருக்கக் கல்லில் துணியைச் சுற்றித் தட்டினாள். பழைய குழியை மண் போட்டு மூடி, ஒரு செம்பு தண்ணீரைத் தெளித்து, மேலே சருகைத் தூவிவிட்டாள். ஒரே தடவையில் பெரிதாக நகர்த்தினால் கையும் களவுமாகப் பிடித்துவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஹோட்டலில் துண்டு திருடியவன் எவனும் ஒரு துண்டை எடுத்து மாட்டவில்லை, மொத்தமாக எடுத்துத்தான் மாட்டினான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இன்னொரு சாண். அதற்கடுத்த வாரம் இன்னொன்று. நகர நகர அந்த முளை மற்ற வீட்டு முளைகளோடு ஒரே வரிசைக்கு வந்துகொண்டிருந்ததால் யார் கண்ணையும் அது உறுத்தவில்லை. திங்கட்கிழமை காலையில் மாணவர்கள் வந்து டேப்பைப் பிடிக்கும்போது அவள் ஜன்னல் ஓரம் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பாள். நெட்டை குனிந்து பார்ப்பான். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு மறுபடி அளக்கச் சொல்வான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் அவர்கள் திரும்பிப் பார்த்தது கடலைத்தான். வேலிப் பக்கம் யாரும் பார்க்கவேயில்லை. சாமர்த்தியம்தான் என்று அவள் தன்னையே மெச்சிக்கொண்டாள்.

நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் காரியம் நடக்கவில்லை. கண்ணாடிப் பெண்ணுக்குக் காய்ச்சல். எல்லாரும் திட்டுக்குப் போக அது மட்டும் மாடியில் சுருண்டு கிடந்தது. அந்த அறையின் ஜன்னல் நேராக முளையைப் பார்க்கிற ஜன்னல். அவள் முதலில் கடுப்பாகத்தான் மேலே ஏறிப் போனாள், நடிப்பா நிஜமா என்று பார்க்க. நெற்றியைத் தொட்டதும் கையைச் சுட்டது. அப்புறம் கஞ்சி வைத்துக் கொடுத்தாள், துணியை நனைத்து நெற்றியில் போட்டாள், சாயங்காலம்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

“எங்க அம்மாவும் இப்படித்தான் ஆன்ட்டி, துணிய ரொம்ப நனைச்சுடுவாங்க. தலகாணி எல்லாம் ஈரமாயிடும்” என்றது அந்தப் பெண், கண்ணைத் திறக்காமல்.

“பேசாம படு” என்றாள் அவள். ஆனால் அந்தப் பேச்சு அவளுக்குப் பிடித்திருந்தது. தனக்கு ஒரு பெண் பிறந்திருந்தால் என்று நினைத்தாள். நினைத்த கையோடு, இதெல்லாம் வளைத்துப் போடுகிற வேலையாகவும் இருக்கும் என்றும் நினைத்தாள். அவள் மனசு அப்படி, ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பிடுங்கிக்கொள்ளும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெண் குணமாகித் திட்டுக்குப் போனதும், விட்டுப்போனதையும் சேர்த்து இரண்டு சாணாகத் தள்ளினாள்.

மாணவர்கள் ஊருக்குக் கிளம்பும் நாள் நெருங்கியது. பள்ளிக்கூட ஹாலில் கூட்டம், கரையோரத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் வர வேண்டும், கடலோர அலுவலகத்திலிருந்தும் ஆள் வருகிறார் என்று சொல்லி அனுப்பினார்கள். வந்துவிட்டதடா குட்டு வெளியே என்று அவள் முதல் வரிசையில் போய் உட்கார்ந்தாள். எதிரே படம் காட்டுவதற்கு ஒரு வெள்ளை விரிப்பைக் கட்டியிருந்தார்கள். ஓரத்து மடிப்பைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, ஹோட்டல் விரிப்பு. ஆயிரக்கணக்கில் மடித்தவள் அல்லவா? பக்கத்தில் இருந்த கொழுந்தனின் விலாவில் இடித்தாள்.

“பாத்தியா தம்பி, விரிப்பு யார் வீட்டுதுன்னு?”

“இரவல் வாங்கியிருப்பாங்க அண்ணி. சும்மா இருங்க.”

“உனக்கென்ன, நீ சும்மா இருப்ப. உன் முளை தள்ளி நிக்குது.”

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. பேராசிரியர் எழுந்து பேச ஆரம்பித்தார். நல்ல மனிதர். வெயிலில் மூக்கு உரிந்து சிவந்திருந்தது. கடல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையைத் தின்றுகொண்டிருக்கிறது, பெரும்பாலான வீடுகளுக்கு இப்போதைக்கு ஆபத்தில்லை என்றார். ஒவ்வொரு வீட்டுக்கும், முளையிலிருந்து அலைவரை உள்ள தூரத்தைக் காட்டும் ஒரு கோடு திரையில் வந்தது. எல்லாம் லேசாகச் சரிந்து போகும் கோடுகள். கொழுந்தன் நிம்மதியாக மூச்சு விட்டான். கடைசியாக இன்னொரு கோடு வந்தது. அது சரியவில்லை. படிக்கட்டு மாதிரி தடதடவென்று கீழே இறங்கியது.

“இந்த ஒரு வீட்டுக்கு முன்னால மட்டும் கடல் ரொம்ப வேகமா உள்ள வந்துக்கிட்டிருக்கு” என்றார் பேராசிரியர். “நடுவுல ஒரு இடத்துல நின்னு, அப்புறம் ரெட்டிப்பா பாய்ஞ்சிருக்கு பாருங்க. அடியில பாறையில இடைவெளி இருக்கணும், நீரோட்டம் அங்க குவிஞ்சு தாக்குது. இத கண்டுபிடிச்சதே எங்க மாணவிதான்.” அவர் கை காட்டிய இடத்தில் கண்ணாடிப் பெண் தலையைக் குனிந்து நின்றது. முகத்தில் பெருமையும் இருந்தது, சங்கடமும் இருந்தது. யார் வீட்டைப் பற்றிய பேச்சு என்று அதற்குத் தெரியும்.

அலுவலகத்து ஆள் எழுந்தார். காற்று மாறி மழை தொடங்குவதற்குள் அந்த வீட்டைக் காலி செய்துவிட வேண்டும், பாதுகாப்பு கருதி இடித்துவிடுவோம், சந்தைக்குப் பின்னால் உள்ள குடியிருப்பில் ஒரு அறை ஒதுக்கியிருக்கிறோம் என்றார். ஒரு அறை. அக்காவின் கட்டிலும் கட்டிலுக்கு அடியில் உள்ள பெட்டியும் அவள் கண்ணுக்கு முன்னால் வந்தன.

கொழுந்தன் அவள் பக்கம் சாய்ந்து, “அண்ணி, சந்தைப் பக்கம் எல்லாம் போகாதீங்க. நம்ம வீட்ல இருங்க” என்றான். அவன் குரல் கரகரத்தது. அந்தக் குரலில் சந்தேகப்பட ஒன்றுமே இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது. அப்படியானால் நிலம் பிடிக்கிற கதை எதுவுமில்லை. ஹோட்டலும் இல்லை, சதியும் இல்லை. தன் வீட்டுத் தலையில் தானேதான் கல்லைப் போட்டிருக்கிறாள்.

அவள் எழுந்து நின்றாள்.

“அது கடல் இல்ல, சார்” என்றாள். “நான்.”

ஹாலில் யாருக்கும் விளங்கவில்லை.

“நான்தான் அந்த முளைய நகத்தினேன். வாராவாரம். நீங்க எடத்த வளைக்க வந்திருக்கீங்கன்னு நெனச்சு.”

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள், அது பரவியது. “அக்காவாச்சே, சந்தேகம் வராம இருக்குமா” என்று ஒரு குரல். அலுவலகத்து ஆள் சிரிக்கவில்லை. பொறுமையாக, குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

“அம்மா, காலி பண்ணச் சொன்னா எல்லாரும் ஏதாவது ஒண்ணு சொல்லத்தான் செய்வாங்க. நீங்க சொல்றதுக்கு என்ன ஆதாரம்?”

“நான் சொல்றேனே.”

“நீங்க சொன்னா ஆச்சா?”

பேராசிரியரும் அருகில் வந்து, உங்க கஷ்டம் புரியுது, வீட்டை விட்டுப் போறது லேசில்ல என்று ஆறுதலாகப் பேசினார். அந்த ஆறுதல் அவளை அறைந்தது. வாழ்நாளெல்லாம் மற்றவர்கள் சொன்னதை அவள் இதே மாதிரிதான் கேட்டிருக்கிறாள், தலையை ஆட்டிக்கொண்டு, ஒரு வார்த்தையும் நம்பாமல். நம்பப்படாமல் நிற்பது எப்படி இருக்கும் என்று அவள் யோசித்ததே கிடையாது. அவமானமாக இருந்தது. ஆனாலும் உட்காரவில்லை. வீடு போய்விடும். நேராகத் திரைக்கு நடந்தாள். படத்துக்கு முன்னால் அவள் நிழல் பெரிதாக விழுந்தது. படிக்கட்டின் முதல் படியில் விரலை வைத்தாள்.

“இது நீங்க மொத மொதல்ல திட்டுக்குப் போன அன்னிக்கு. இந்தப் பையன் செருப்பத் தொலைச்சுட்டு வந்தான்.” நெட்டை தன்னையறியாமல் காலைப் பார்த்துக்கொண்டான். “இது கிட்டார் நனைஞ்சுபோன அன்னிக்கு. துணிய எல்லாம் நான்தானே காயப்போட்டேன். இது ஜெல்லி மீன் கடிச்சு முதுகெல்லாம் வீங்கி வந்தீங்களே, அன்னிக்கு.” விரல் படிப்படியாக இறங்கியது. நடுவில் கோடு சமமாக ஓடிய இடத்தில் நின்றது. “இங்க நான் நகத்தல.”

“ஏன் நகத்தல?” என்றார் அலுவலகத்து ஆள். அவர் குரலில் இன்னும் கேலி இருந்தது.

அவள் திரும்பி அந்தப் பெண்ணைப் பார்த்தாள். “இந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல். ஜன்னல் வழியா பாத்துடும்னு போகல. அடுத்த வாரம் சேத்து வச்சுத் தள்ளினேன். அதுதான் இந்தப் பெரிய படி.”

கண்ணாடிப் பெண் திரைக்குக் கிட்டே வந்தது. வெகுநேரம் கோட்டையே பார்த்தது. அது யோசிக்கிறது என்று முதலில் எல்லாரும் நினைத்தார்கள். அது யோசிக்கவில்லை, புரிந்ததை ஒத்துக்கொள்ள மனசு வராமல் நின்றது.

“சார்” என்றது கடைசியில். “எல்லாப் படியும் திங்கட்கிழமை வருது.”

பேராசிரியரும் திரைக்குக் கிட்டே வந்தார்.

“செவ்வாய், புதன், வியாழன், எதுலயும் ஒண்ணுமே இல்ல. பக்கத்து வீட்டு மாதிரிதான் இருக்கு. நாம லீவு போட்ட அன்னிக்கு மட்டும்தான் கடல் வந்திருக்கு சார்.” குரல் உடைந்தது. “நான் இத பாக்கவே இல்ல.”

பேராசிரியர் பாறை இடைவெளியைப் பற்றி இன்னொரு வார்த்தையும் பேசவில்லை. விளக்கைப் போடச் சொன்னார். அலுவலகத்து ஆள் நெட்டையைக் கூட்டிக்கொண்டு கரைக்குப் போனார். வேலிக்கும் முளைக்கும் நடுவில் நெட்டை தோண்டிப் பார்த்ததில், மண்ணுக்கு அடியில் வரிசையாகச் சிவப்புப் பெயின்ட் துணுக்குகள் கிடைத்தன. பிடுங்கும்போதெல்லாம் கொஞ்சம் உதிர்ந்திருக்கிறது. காலி செய்யும் பேச்சு அன்றைக்கே நின்றுபோனது. உங்க வீடும் மத்த வீடு மாதிரிதான், இப்போதைக்கு பயமில்ல என்று சொல்லிவிட்டு, அவளை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டே அந்த ஆள் படகு ஏறினார். கொழுந்தன் வீடு போய்ச் சேருகிறவரை சிரித்தான், வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்லி மறுபடி சிரித்தான். தெருவே சிரித்தது. அவளும் கொஞ்சம் சிரித்தாள். வீடு தப்பித்துவிட்டது. உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது அவளுக்கு.

மாடியில் மட்டும் சிரிப்பில்லை. அந்தப் பெண்ணின் இத்தனை மாத வேலையில் பாதிக்கு மேல் அந்த ஒரு வீட்டைப் பற்றியது. அதெல்லாம் இனி குப்பை. புதிதாக அளக்க நாளும் இல்லை. ஊருக்குப் போனால் இன்னொரு வருஷம் படிக்க வேண்டியிருக்கும் என்று கிட்டார்க்காரன் வந்து சொன்னான். சொல்லும்போது அவன் இவள் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை அவள் டீ போட்டு எடுத்துக்கொண்டு படியடியில் போய் நின்றாள். என்ன சொல்வது என்று இரவெல்லாம் யோசித்தும் ஒன்றும் அகப்படவில்லை. மன்னிப்பு கேட்டுப் பழக்கமில்லாத நாக்கு. அந்தப் பெண் அறையை விட்டு வெளியே வந்தது.

“கோவமாம்மா?” என்றாள் கீழே இருந்தபடி.

“முதல் நாளே சொன்னேனே ஆன்ட்டி” என்றது அது. “நீங்க கேட்டீங்க, நான் சொன்னேன். நீங்க நம்பியிருந்தா போதும்.”

குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் அவளும் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பாள். அவளுக்குக் கண் கலங்கியது. டீ ஆறிக்கொண்டிருந்தது.

அந்தப் பெண் கதவை இழுத்துச் சாத்தியது. அப்புறம், வந்த நாளிலிருந்து தொட்டே பார்க்காத சாவியை எடுத்துப் பூட்டைத் திருகியது. பழகாத பூட்டு, இரண்டு தடவை முயற்சி செய்த பிறகுதான் விழுந்தது. பூட்டு சரியாக விழுந்ததா என்று கதவை இழுத்தும் பார்த்தது. அப்புறம் சாவியைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டது.

“எதுக்கும்மா பூட்டுற?” என்றாள் அவள். “அவனுங்க ரெண்டு பேரும் போயாச்சு. வீட்ல யார் இருக்கா, நான் மட்டும்தானே?”

“ஆமா ஆன்ட்டி” என்றது அந்தப் பெண், படி இறங்கிக்கொண்டே.